ஆயுதபூஜை அன்று நாற்காலியின் எடை

எழுதப் பழக்கமில்லாத ஒருத்தி எழுத உட்கார்ந்திருக்கிறேன். முதலில் அதற்கு என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். பத்தாவது வரைதான் படிப்பு. அதுவும் கர்நாடக எல்லையில் உள்ள ராமாபுரத்திலிருந்து பாலாறு தாண்டி, மேட்டூரில் சித்தி வீட்டில் தங்கிப் படித்தது. நர்சிங் படித்தவர்களுக்கும் டெக்னீஷியன் கோர்ஸ் முடித்தவர்களுக்கும் இவள் என்ன சொல்லிவிடப் போகிறாள் என்று நீங்கள் நினைத்தால் அது நியாயம்தான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் என் பெயரைக் கூப்பிட்டாலே எனக்குப் பேச வராது. இருபத்தாறு வருஷம் மைசூரில், ஹெப்பாள் பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், நீங்கள் இப்போது சேர்ந்திருக்கும் அதே டயாலிசிஸ் யூனிட்டில் உதவியாளராக இருந்தேன். முட்டி தேய்ந்துபோனதால் போன வருஷம் நின்றுவிட்டேன். வயது ஐம்பத்திரண்டு.

என்னை எழுத வைத்தது ஒரு தாள். போன வாரம் முட்டிக்கு மருந்து வாங்க வந்தபோது யூனிட்டை எட்டிப் பார்த்தேன். நோட்டீஸ் போர்டில் பளபளவென்று ஒரு தாள் மாட்டியிருந்தது. தசரா விடுமுறையில் மருத்துவப் பணியாளர்கள் தங்களைத் தாங்களே எப்படிக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று படங்களோடு யோசனைகள். நிறையத் தண்ணீர் குடியுங்கள். எட்டு மணி நேரம் தூங்குங்கள். குடும்பத்தோடு பேசிச் சிரியுங்கள். முடியாது என்று சொல்லப் பழகுங்கள். அதற்குப் பக்கத்திலேயே தசரா டூட்டி பட்டியல். பத்து நாளில் ஒரு நாள்கூட லீவு இல்லாத பெயர்கள் நாலு. அதில் இரண்டு, உங்களில் இரண்டு பேருடையது. தாளிலும் பட்டியலிலும் கீழே இருந்தது ஒரே ஆளின் கையெழுத்து.

முடியாது என்று யாரிடம் சொல்லப் பழகுவது? அந்தக் கையெழுத்துக்காரரிடம்தானே? அங்கே நின்றபோது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பேசத்தான் வராது, எழுதியாவது பார்ப்போம் என்று வீட்டுக்கு வந்தேன். உங்களில் சிலர் கொள்ளேகால், ஹனூர் பக்கத்துப் பிள்ளைகள். தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பீர்கள். படிக்க வராதவர்களுக்குப் படித்துச் சொல்லுங்கள்.

நடந்தது பத்து வருஷத்துக்கு முன்னால்.

டயாலிசிஸுக்குப் பண்டிகை கிடையாது என்பது உங்களுக்கே தெரியும். சிறுநீரகம் நின்றுபோனவர்களுக்கு உடம்பில் சேரும் தண்ணீரை வாரத்தில் மூன்று நாள் மெஷின்தான் எடுத்தாக வேண்டும். ஒரு முறை தவறினால் மூச்சு முட்டும். ஆகவே யூனிட்டைப் பூட்ட முடியாது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பூட்ட முடியாதது யூனிட்டைத்தானே? ஆட்களை மாற்ற முடியாது என்று யார் சொன்னது?

எங்கள் யூனிட்டில் ஒரு வழக்கம் இருந்தது. தசரா லீவு முதலில் கைக்குழந்தை உள்ளவர்களுக்கு. அடுத்து தூரத்து ஊர்க்காரர்களுக்கு. எனக்குக் குழந்தை இல்லை. வீடும் நடக்கிற தூரம். அதனால் என்னை ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்பே எல்லாக் கட்டத்திலும் பென்சிலால் என் பெயர் விழுந்துவிடும். "செல்வி இருக்காளே" என்பார்கள். ஒவ்வொரு தசராவுக்கும் என் வீட்டுக்காரர் தனியாக ஊருக்குப் போய்வருவார். நான் வாயைத் திறந்ததில்லை. "செல்வி இருக்காளே" என்பதைப் பாராட்டு என்றே பதினாறு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

இன்னொரு வழக்கமும் இருந்தது. டூட்டியில் தண்ணீர் குடிப்பதில்லை. பணியாளர் கழிப்பறை இரண்டு மாடி கீழே. மெஷினில் ஆட்கள் இருக்கும்போது இடத்தை விட்டு நகர முடியாது. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த இன்சார்ஜ் சிஸ்டர் கோலார் பக்கத்துத் தமிழ்க்காரர். பெயர் வேண்டாம். ஊசி போட்ட இடத்தை எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும், பேஷண்டின் முகத்தைப் பார்த்தே பிரஷரை எப்படி ஊகிப்பது, எல்லாம் அவர் போட்ட பிச்சை. முதல் நாளே அவர் சொல்லிக்கொடுத்தது, காலையில் வீட்டில் ஒரு டம்ளர், அப்புறம் வீட்டுக்குப் போய்த்தான் அடுத்த டம்ளர் என்பது. அவருக்கும் அப்படித்தான் யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நல்லதைக் கற்ற அதே வாயிலிருந்து கெட்டதையும் கற்றுக்கொண்டேன். அளவுக்கு மேல் ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடியாமல் தவிக்கிறவர்கள் கட்டிலில். குடிக்கலாம் என்றிருந்தும் குடிக்காதவர்கள் கட்டிலுக்குப் பக்கத்தில். இதில் எங்களுக்குப் பெருமை வேறு.

அந்த வருஷம் ஆயுதபூஜைக்கு ஒரு வாரம் முன்பு எனக்கு இடுப்புக்கு மேலே வலி, குளிர் காய்ச்சல். ரவுண்ட்ஸ் வந்த கிட்னி டாக்டர் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டார். பரிசோதனை எழுதிக்கொடுத்தார். கிருமி சிறுநீரகம் வரை ஏறியிருக்கிறது, மாத்திரையோடு ஏழு நாள் முழு ஓய்வு வேண்டும், இப்படியே நின்றுகொண்டிருந்தால் ஒருநாள் இதே யூனிட்டில் நீயும் படுக்க வேண்டி வரும் என்றார். சீட்டும் எழுதிக்கொடுத்தார். கிட்னி போனால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தினமும் பன்னிரண்டு பேரைப் பார்க்கிறவள் நான்.

சீட்டை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன். அவர் கெட்ட மனிதர் அல்ல, சிரித்த முகம். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி", கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் என்றார். தசரா முடியட்டும், ஏழு நாள் என்ன, பத்து நாளே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். சீட்டை அவர் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அடுத்தடுத்த நாளும் போய் வாசலில் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் திரும்பி வந்துவிட்டேன்.

அதே வாரம் எங்கள் மன அழுத்தத்தைக் குறைப்பதற்காகப் பெங்களூரிலிருந்து ஒரு அம்மாவை வரவழைத்தார்கள். கூட்டம் எப்போது தெரியுமா? எங்கள் சாப்பாட்டு நேரத்தில். டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு திறக்காமல் உட்கார்ந்திருந்தோம். கண்ணை மூடுங்கள், கடற்கரையில் நடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றார் அந்த அம்மா. நான் கடலைப் பார்த்ததே இல்லை. ஆபரேஷன் தியேட்டரில் வேலை செய்யும் ஒரு அண்ணன் எனக்குப் பக்கத்தில் அப்படியே தூங்கிப்போய்விட்டார். எல்லோரும் கண் திறந்த பிறகும் அவர் திறக்கவில்லை. இவரைப் பாருங்கள், எவ்வளவு ஆழ்ந்து செய்கிறார் என்று அந்த அம்மா பாராட்டினார். அவர் தொடர்ந்து இரண்டு ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்திருந்தார். நாங்கள் சிரித்தோம். அன்று சிரிப்பாகத்தான் இருந்தது.

ஆயுதபூஜை அன்று எனக்குத் தொடர்ந்து ஆறாவது நாள் டூட்டி. மாத்திரை போட்டால் காய்ச்சல் இறங்கும், நாலு மணி நேரத்தில் மறுபடி ஏறும். அன்று காலை முதல் ஷிஃப்ட் முடிந்ததும் பூஜை. மெஷின்களை எல்லாம் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, செண்டுப்பூ மாலை போட்டோம். ஆம்புலன்ஸுக்கு மாலை, ஸ்டெரிலைசருக்கு மாலை. சக்கர நாற்காலிகளை எல்லா வார்டிலிருந்தும் கொண்டுவந்து கழுவி, நடையில் வரிசையாக நிறுத்தி, முதுகுப்பக்கம் பட்டையாகச் சந்தனம் பூசிப் பெரிய பெரிய பொட்டாக வைத்தார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். மேனேஜர் வந்து கற்பூரத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பாவம், வருஷம் முழுக்க நமக்காக உழைக்கிற மெஷின்கள், அரை மணி நேரமாவது ஓய்வு கொடுங்கள் என்றார்.

மனதாரத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்றும் பொறுக்கவில்லை. இரும்பின் மேல் வந்த இரக்கம் அது. அதே அரை மணியில் நான் தரையில் சிதறிய பூசணிக்காயைக் கூட்டிக்கொண்டிருந்தேன், பேஷண்டுகள் வழுக்கி விழக் கூடாதே என்று.

இரண்டாவது ஷிஃப்டில் முதலில் வந்தவர் ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு ஐயா. தமிழர். சர்க்கரையால் கால் விரல்களை எடுத்தவர், நடக்க மாட்டார். சக்கர நாற்காலியோடு அவரை எடை மேடையில் ஏற்றி, நாற்காலியின் எடையைக் கழித்து, எத்தனை கிலோ தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று கணக்குப் பார்ப்பது என் வேலை. நான் சொல்லும் எண்ணைத்தான் அந்த இன்சார்ஜ் சிஸ்டர் மெஷினில் போடுவார். எங்கள் யூனிட் நாற்காலி பதினைந்து கிலோ. ஒவ்வொரு நாற்காலிக்கும் முதுகில் அதன் எடையை வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கும்.

மேடை எழுபத்தேழு காட்டியது. பதினைந்து போக அறுபத்திரண்டு. அவர் இருக்க வேண்டியது ஐம்பத்தெட்டு. நாலு கிலோ என்று எழுதினேன்.

"நாலா? இல்லே தங்கச்சி. ஒண்ணரைக்கு மேலே இருக்காது. இந்தத் தடவை ரொம்பக் கட்டுப்பாடா இருந்தேன், வேணும்னா பொண்ணைக் கேளு" என்றார்.

டயாலிசிஸ் பேஷண்ட் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். பண்டிகை நாள், பாயசம் குடித்திருப்பார், மகளுக்குப் பயந்து பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். "மெஷினு பொய் சொல்லாதுங்க ஐயா" என்றேன்.

"உள்ளே இருக்கிறதை எடுக்கலாம். இல்லாததை எங்கேயிருந்து எடுப்பே?" என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டிக் கொடுத்தார்.

அந்த இடத்தில் ஒரு நல்ல உதவியாளர் நின்றிருப்பார். நாற்காலியைத் திருப்பிப் பார்த்திருப்பார். எனக்கும் ஒரு கணம் தோன்றியது. ஆனால் முதுகு எழுத்தின் மேல் சந்தனம் அப்பியிருந்தது. துடைத்துப் பார்க்கக் குனிய வேண்டும். குனிந்தால் இடுப்பில் கத்தி சொருகுவதுபோல இருந்தது. குனியவில்லை. அவ்வளவுதான் என் குற்றம். ஆறு நாளாகச் சேர்ந்தது அந்த ஒரு குனிதலில் வந்து நின்றது.

இரண்டரை மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஐயா கொட்டாவி விட்டார். உங்களுக்கும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள், டயாலிசிஸில் கொட்டாவி என்றால் தூக்கம் இல்லை, பிரஷர் இறங்கப்போகிறது என்று. எனக்குத் தெரியாததா? ஆனால் அவருக்கு முன்னால் நான் இரண்டு முறை கொட்டாவி விட்டிருந்தேன். என்னைப் பார்த்து அவருக்கும் தொற்றிக்கொண்டது என்று நினைத்தேன். அடுத்த நிமிஷம் கால் இரண்டும் இழுத்துக்கொண்டு அவர் முனகினார். முகம் சாம்பலாகிவிட்டது. கண் மேலே போய்விட்டது.

யூனிட்டின் அந்தக் கோடியிலிருந்து சிஸ்டர் ஓடிவந்தார். தண்ணீர் எடுப்பதை நிறுத்தி, தலையைத் தாழ்த்திக் காலை உயர்த்தி, சலைனைத் திறந்துவிட்டார். பிரஷர் எழுபதுக்குக் கீழே. நான் அவர் கன்னத்தைத் தட்டி ஐயா, ஐயா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். பத்து நிமிஷம் இருக்கும். வெளியே அவர் மகள் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் நான் திரும்பவே இல்லை. பிறகு அவர் கண் திறந்து தண்ணீர் கேட்டார்.

அவருக்கு ரத்த ஓட்டம் திரும்பியதும் நான் நடைக்குப் போனேன். நாற்காலியின் முதுகைக் கட்டைவிரலால் துடைத்தேன். பதினேழரை. எங்கள் யூனிட் நாற்காலி அல்ல. கழுவி அடுக்கும்போது பொது வார்டின் கனத்த நாற்காலி எங்களிடம் வந்திருந்தது. பொட்டு வைத்தபின் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. ஐயா சொன்னது சரி. ஒன்றரை கிலோதான் இருந்திருக்கிறது.

நடையில் யாரும் இல்லை. சந்தனத்தை மறுபடி பூசிவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்த எண்ணம் வந்தது என்பதையும் உங்களிடம் மறைக்கவில்லை.

உள்ளே வந்தபோது சிஸ்டர் சம்பவப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கம்முனு இரு. பேஷண்ட் தண்ணி ஜாஸ்தி குடிச்சிட்டு வந்தாரு, தாங்கலைன்னு எழுதிக்கிறேன். அவருக்குத்தான் ஒண்ணும் ஆகலையே."

என் மேல் உள்ள பாசத்தில் சொன்னார். ஆனால் அந்த மனிதர் மூன்று நாள் நாக்கைக் கட்டிக்கொண்டு கிடந்திருக்கிறார். அவர் தலையில் இதைப் போட எனக்கு மனம் வரவில்லை.

"வேண்டாமுங்க சிஸ்டர். நாற்காலி எடையை நாந்தானுங்க தப்பாக் கழிச்சுப்போட்டேன். அப்படியே எழுதுங்க" என்றேன்.

இதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டார். முகத்தில் சிரிப்பு இல்லை. உதவியாளரின் கவனக்குறைவு என்று எழுதுங்கள், இவரிடம் கையெழுத்து வாங்குங்கள் என்று சிஸ்டரிடம் கன்னடத்தில் சொன்னார்.

எங்கிருந்து எனக்குக் குரல் வந்தது என்று தெரியவில்லை. கவனக்குறைவு என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். அதோடு எனக்குக் காய்ச்சல் என்றும் எழுதுங்கள், டாக்டர் ஏழு நாள் ஓய்வு எழுதிக்கொடுத்தார் என்றும், அந்தச் சீட்டு உங்களிடம்தான் இருக்கிறது என்றும், இது எனக்கு ஆறாவது நாள் என்றும் எழுதுங்கள் என்றேன். அவரிடம் கன்னடத்தில்தான் சொன்னேன். குரல் உடைந்தது. ஆனால் நின்றுவிடவில்லை.

காய்ச்சல் தனி விஷயம், இந்தப் புத்தகத்தில் அதற்கு இடமில்லை என்றார் அவர்.

பாருங்கள் இதை. என் கவனக்குறைவுக்குப் புத்தகத்தில் இடம் இருக்கிறது. அது எதனால் வந்தது என்பதற்கு இடம் இல்லை. உங்களை நீங்களே கவனித்துக்கொள்ளுங்கள் என்று தாள் ஒட்டுகிறவர்களின் மனதில் இருப்பதும் இதுதான். கவனித்துக்கொள்ள வேண்டியது நாம். கவனித்துக்கொள்ளாமல் விழுந்தால் அந்தப் பழியும் நமக்கு. நடுவில் கவனித்துக்கொள்ள விடாதவர் மட்டும் எந்தப் புத்தகத்திலும் வரமாட்டார்.

"அப்ப நான் கையெழுத்துப் போடலைங்க. நாளைக்கு வேலைக்கும் வரலைங்க" என்றேன். இதைத் தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவருக்குப் புரிந்தது.

நாளை விஜயதசமி, ஊர்வலத்துக்குப் பாதி ரோட்டை அடைத்துவிடுவார்கள், பஸ் வராது, நடந்து வரக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான் என்றார். பேஷண்டுகள் செத்தால் உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார். பதினாறு வருஷமாக என் வாயை அடைத்தது இந்தக் கேள்விதான். கேட்காமலேயே அடைத்திருந்தது.

அப்போது கால் உயர்த்திய கட்டிலிலிருந்து அந்த ஐயா மெதுவாகக் கன்னடத்தில் சொன்னார். "என்னைக் காட்டிப் பேசாதீங்க சார். எனக்கு நாளைக்கு டயாலிசிஸ் கிடையாது. இன்னைக்குத்தான் இருந்துச்சு."

சிஸ்டர் பேனாவை எடுத்தார். நான் சொன்ன ஒவ்வொன்றையும் எழுதினார், நாற்காலி, காய்ச்சல், சீட்டு, ஆறு நாள். மேனேஜர் பார்த்துக்கொண்டே நின்றார். "வரிக்கு நடுவில எடமே விடாம எழுதறேன்" என்று என்னிடம் சொன்னார் சிஸ்டர். "பின்னாடி யாரும் எதுவும் நுழைக்கக் கூடாது. இத்தன வருஷத்துல இப்படி ஒண்ணு நான் எழுதினதில்ல செல்வி." அவர் கையெழுத்தைப் போட்டபிறகு நான் போட்டேன்.

ஐயாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். கோபமாகத்தான் இருந்தார். அது அவர் உரிமை. "நான் சொன்னப்பவே திருப்பிப் பார்த்திருக்கலாம் இல்லே?" என்றார். ஆமாம் என்றேன். "போய்ப் படு. உடம்பு கொதிக்குது உனக்கு, கை பட்டப்பவே தெரிஞ்சுது" என்றார். அவர் பிறகு மூன்று வருஷம் எங்கள் யூனிட்டுக்கு வந்தார். ஒவ்வொரு முறையும் நாற்காலியைத் திருப்பிக் காட்டச் சொல்லித்தான் எடை பார்க்க விடுவார்.

எனக்கு மெமோ வந்தது. வேலை போகவில்லை. சம்பவப் புத்தகத்தில் அந்தப் பக்கம் கிழிக்கப்படாமல் இருக்கிறது. எடை எழுதிய நாற்காலிகளுக்குப் பொட்டு வைக்கக் கூடாது என்று ஒரு விதி வந்தது. ஆறு நாள் தொடர்ந்து டூட்டி போடக் கூடாது என்று விதி வரவில்லை. இன்றும் வரவில்லை என்பதைப் போன வாரம் நோட்டீஸ் போர்டில் பார்த்தேன்.

பிள்ளைகளே, எனக்கு அறிவுரை சொல்லத் தெரியாது. பென்சிலில் உங்கள் பெயரைப் பார்த்தால் அது மையாவதற்குள் போய்க் கேளுங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் இரண்டு பேராகப் போங்கள், நான் தனியாகப் போய்த்தான் வாசலிலேயே திரும்பினேன். டாக்டர் சீட்டைக் கொடுத்தால் நகல் வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு முடியாத நாளில் எடை பார்க்கும் வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, எனக்கு முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும். கட்டிலில் இருப்பவர் கண் மேலே போகும்போது வரும் வெட்கத்தைவிட அது குறைவு. கீழே போக இரண்டு மாடி இருக்கிறது என்று தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். உங்கள் மாடியிலேயே கழிப்பறை வேண்டும் என்று கேளுங்கள். தாளில் தண்ணீர் குடியுங்கள் என்று எழுதியவர்களுக்கு அதைக் கட்டித் தரும் கடமையும் இருக்கிறது.

அன்று மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போனேன். ஐந்து பேஷண்டுகளின் பெயர் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது, மறுநாள் காலை முதல் ஷிஃப்டுக்கு வர வேண்டியவர்கள்.

மறுநாள் நான் போகவில்லை. ஐ.சி.யூ.விலிருந்து ஒரு உதவியாளரை இறக்கினார்கள். யூனிட் இருபது நிமிஷம் தாமதமாகத் திறந்தது. வந்த ஐந்து பேருக்கும் டயாலிசிஸ் நடந்தது, எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். நான் பகல் பன்னிரண்டு வரை தூங்கினேன்.